பார்க்கர் என்று போட்ட பேனா

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ‘ஈபே ஏலத் தளத்தில் பார்க்கர் 51 பேனாவைத் தேடினால் பார்க்கரே இல்லாத பேனாக்கள் வரிசையாக வருகின்றன. தலைப்பில் மட்டும் பார்க்கர் என்று இருக்கிறது. இது மோசடியில் சேருமா? புகார் செய்தால் பலன் உண்டா? இன்னொன்று, தாத்தாவின் பழைய கறுப்புப் பேனா ஒன்று என்னிடம் இருக்கிறது. அதில் கம்பெனிப் பெயர் எதுவும் இல்லை. அமெரிக்காவில் இருக்கும் அக்கா மூலமாக அதை ஏலத்தில் விடலாம் என்றிருக்கிறேன். நாலு பேர் கண்ணில் படட்டும் என்று நானும் பார்க்கர் என்று சேர்த்துப் போடலாமா?’

கடைசிக் கேள்விக்கு முதலில்: போடாதீர்கள். ஏன் என்று சொல்ல, நான் ஏமாந்த கதையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

பழைய பேனா சேர்க்கும் பைத்தியம் எனக்குப் பிடித்த புதிதில், ஓர் ஏலத் தளத்தில் ஒரு பேனாவுக்கு 31 டாலர் வரை ஏறிப் போய் எடுத்தேன். அதன் தலைப்பு ஆங்கிலத்தில் ஏறக்குறைய இப்படி இருந்தது: ‘விண்டேஜ் பார்க்கர் 51 டைப் ஃபவுண்டன் பென் ஷேஃபர் வாட்டர்மேன் எரா.’ ஷேஃபரும் வாட்டர்மேனும் வேறு பேனாக் கம்பெனிகள். படத்தில் நிப்பு உள்ளே ஒளிந்து நுனி மட்டும் எட்டிப் பார்த்தது. தங்க நிற மூடி, அம்பு மாதிரிக் கிளிப். மூன்று வாரம் கழித்துப் பெட்டி வந்தது. பிரித்துப் பார்த்தால் மூடியின் விளிம்பில் சீன எழுத்து. ஒன்பதாம் வகுப்பில் அப்பா வாங்கிக் கொடுத்த அதே ஹீரோ பேனா! ‘ஃபாரின் பேனா, தொலைத்துவிடாதே’ என்று சொல்லிக் கொடுத்தாரே, அதே ஃபாரின் பேனாதான் அமெரிக்கா போய்த் திரும்பி வந்திருந்தது. விற்றவருக்கு எழுதிக் கேட்டேன். ‘டைப் என்று போட்டிருந்தேனே, கவனிக்கவில்லையா?’ என்று ஒரே வரியில் பதில்.

அவர் சொன்னதில் எழுத்தளவில் பொய் கிடையாது. ஹீரோ 616 போன்ற சீனப் பேனாக்கள் பார்க்கர் 51-ஐப் பார்த்துச் செய்தவைதான். நல்ல பேனாக்களும்கூட, எனக்கு அவற்றின் மேல் எந்தக் கோபமும் இல்லை. மூடியில் தன் பெயரைப் பொறித்துக்கொண்டிருக்கும் பேனா யாரையும் ஏமாற்றுவதில்லை. எனவே அது போலியும் இல்லை. போலிக்கும் நீங்கள் கேட்பதற்கும் உள்ள வித்தியாசமே இதுதான். போலியில் பொருள் பொய் சொல்கிறது. இங்கே பொருள் உண்மையைச் சொல்லிக்கொண்டே இருக்க, தலைப்பு மட்டும் பொய் சொல்கிறது.

எப்படிச் சொல்கிறது என்பதைப் பள்ளிக்கூடத்தில் படித்த, உருபு மறைந்து நிற்கும் தொகைநிலைத் தொடரை வைத்து எளிதாக விளங்கிக்கொள்ளலாம். ஈபே தலைப்பில் 80 எழுத்துகளுக்குத்தான் இடம். 2011-க்கு முன்பு 55. அதற்குள் வாக்கியம் எழுத முடியாது, பெயர்ச்சொற்களை அடுக்கத்தான் முடியும். ‘பார்க்கர் பேனா’ என்றால் பார்க்கரின் பேனா, வேற்றுமைத் தொகை. ‘பார்க்கர் ரீஃபில்’ என்றால் பார்க்கருக்குப் பொருந்தும் ரீஃபில், உருபும் பயனும் உடன்தொக்க தொகை. எனக்கு வந்தது பார்க்கர் போன்ற பேனா, உவமைத் தொகை. ‘பார்க்கர் ஷேஃபர் வாட்டர்மேன் பெலிக்கான்’ என்று அடுக்கினால் உம்மைத் தொகை மாதிரித் தெரியும், ஆனால் பெட்டியில் அந்த நான்குமே இருக்காது, ஐந்தாவதாக ஏதோ ஒன்று இருக்கும். அதற்கு அன்மொழித் தொகை என்று பெயர் வைத்தால் தமிழாசிரியர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நினைக்கிறேன். மறைந்திருக்கும் உருபு எது என்று விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது, தேடுபொறிக்கோ உருபு என்று ஒன்று இருப்பதே தெரியாது. அதற்கு ‘பார்க்கர்’ என்ற சொல் இருந்தால் போதும்.

விற்பவர்கள் ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்பதில் பெரிய ரகசியம் இல்லை. ஏலத்தில் விலையை ஏற்றுவது ஆட்களின் எண்ணிக்கை. இரண்டு பேர் பார்த்தால் ஆரம்ப விலையிலேயே போய்விடும், இருபது பேர் பார்த்தால் யாராவது இருவர் மல்லுக்கு நிற்பார்கள். ‘ஹீரோ 616’ என்று தேடுபவர்களைவிட ‘பார்க்கர் 51’ என்று தேடுபவர்கள் அதிகம். 1941-இல் விற்பனைக்கு வந்து முப்பது ஆண்டு போல ஓடிய பேனா அது. உலகத்தில் பழைய பேனா வாங்க நினைக்கும் எவரும் முதலில் தட்டச்சு செய்யும் பெயர்களில் ஒன்று. அந்தப் பெயரைத் தலைப்பில் சேர்க்கச் செலவே இல்லை. பத்திரிகையில் விளம்பரம் போட்டால் சொல்லுக்கு இவ்வளவு என்று காசு. இங்கே காலியாக இருக்கும் எழுத்துகளில் எந்தப் பெயரை வேண்டுமானாலும் இலவசமாக நிரப்பலாம். ஈபேயின் ஆரம்ப காலத்தில், முடியப்போகும் ஏலங்களை முதலில் காட்டும் வரிசைதான் வழக்கம். சொல் பொருந்தினால் உண்மையான பார்க்கரும் பார்க்கர் மாதிரியும் ஒரே பந்தியில் உட்கார்ந்துவிடும். 2008 வாக்கில் ‘பெஸ்ட் மேட்ச்’ என்ற வரிசை முறை வந்தது. அது விற்பவரின் முந்தைய நடத்தை, பொருத்தம் போன்றவற்றையும் சேர்த்துப் பார்க்கும். அதற்குப் பிறகு சொல் அடுக்கும் தந்திரத்தின் பலம் குறைந்தது, ஒழியவில்லை.

இது விதிமீறலா? ஆம், ஐயமே வேண்டாம். முன்பு ‘கீவேர்ட் ஸ்பாமிங்’ என்று அழைத்தார்கள், இப்போது தேடலைத் திரிக்கும் செயல்கள் பற்றிய விதிக்குள் அடக்கியிருக்கிறார்கள். பொருளைச் செய்த நிறுவனத்தின் பெயரைத் தவிர வேறு பிராண்டை ஆள் இழுக்கத் தலைப்பில் போடக் கூடாது. ‘அது மாதிரி’ என்று ஒப்பிட்டுப் போடக் கூடாது. ‘ரோலெக்ஸ் அல்ல’ என்று மறுத்துப் போடுவதும் கூடாது. இந்தக் கடைசித் தந்திரத்தை நான் கொஞ்சம் ரசிக்கவே செய்வேன். ‘அல்ல’ என்று சத்தியம் செய்துகொண்டே அந்தப் பெயரைத் தேடுபவன் முன்னால் வந்து நிற்பது சாதாரண சாமர்த்தியமா? விளக்கப் பகுதியின் அடியில் வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக இருபது பிராண்டை ஒளித்துவைப்பதும் ஒரு காலத்தில் நடந்தது. தேடல் இயல்பாகத் தலைப்பை மட்டுமே துழாவும், விளக்கத்தையும் சேர் என்று நாமாகச் சொன்னால்தான் உள்ளே போகும் என்பதால் அந்த உழைப்புக்குப் பெரிய கூலி கிடைக்கவில்லை.

விதியில் ஒரு வாசல் திறந்திருக்கிறது, அது நியாயமான வாசல். இன்னொரு பிராண்டுக்குப் பொருந்தும் உதிரிப் பொருளை விற்பவர் அந்தப் பெயரைச் சொல்லாமல் எப்படி விற்பார்? ‘பார்க்கர் பேனாவுக்கான ரீஃபில்’ என்பது பொய்யல்ல. அந்த அளவுக்குப் பேனாக்காரர்கள் மத்தியில் ‘பார்க்கர் டைப் ரீஃபில்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. ‘பொருந்தும்’, ‘ஆன’ என்று உருபு வெளிப்படையாக நிற்க வேண்டும், அவ்வளவுதான். நம் நாட்டு 1999-ஆம் ஆண்டு வர்த்தகக் குறிகள் சட்டத்தின் 30-ஆம் பிரிவும் உதிரிப் பாகங்களுக்கு இந்த விலக்கைக் கொடுக்கிறது. ஐரோப்பிய நீதிமன்றம் 2005-இல் ஜில்லெட் பிளேடு வழக்கில் சொன்னதும் இதே திசைதான்.

‘டிஃப்பனி ஸ்டைல் விளக்கு’ என்ற தலைப்பைப் பார்த்துப் புகார் கொடுக்கவும் கிளம்பிவிடாதீர்கள். வண்ணக் கண்ணாடித் துண்டுகளை ஈயக் கம்பியில் கோத்ததுபோல் இருக்கும் அந்தக் கவிகை விளக்கு, நியூயார்க்கில் லூயி கம்ஃபர்ட் டிஃப்பனியின் பட்டறையிலிருந்து 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்தது. அவர் 1837-இல் நகைக் கடை தொடங்கிய சார்ல்ஸ் லூயிஸ் டிஃப்பனியின் மகன். காலப்போக்கில் அந்தப் பாணிக்கே அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. அதற்கு வேறு சொல் தேடினால் கிடைக்காது. அதே ‘டிஃப்பனி ஸ்டைல்’ ஒரு வெள்ளி வளையலின் தலைப்பில் இருந்தால் கதை வேறு. அப்பனுடைய கடைப் பெயரை வைத்து ஆள் பிடிக்கிறார்கள்.

அந்த நகைக் கடைதான் ஈபேயை நீதிமன்றத்துக்கு இழுத்தது. 2004-இல் வழக்கு, 2008-இல் மாவட்ட நீதிமன்றத் தீர்ப்பு, 2010 ஏப்ரலில் மேல்முறையீட்டுத் தீர்ப்பு. தங்கள் பெயரில் விற்கும் வெள்ளி நகைகளைத் தாங்களே சோதனைக்கு வாங்கிப் பார்த்ததில் பெரும்பகுதி போலி என்றது டிஃப்பனி. ஈபே ஜெயித்தது. ‘உங்கள் தளத்தில் போலி நிறைய இருக்கிறது’ என்ற பொதுவான அறிவு போதாது, ‘இந்தப் பட்டியல் போலி’ என்று குறிப்பாகத் தெரிந்தும் விட்டுவைத்தால்தான் பொறுப்பு என்றது நீதிமன்றம். குறிப்பாகத் தெரிவிக்க ‘வெரோ’ என்ற ஏற்பாடு இருக்கிறது. பிராண்டின் உரிமையாளர் அதில் எழுதிக் கொடுத்தால் பட்டியலை எடுத்துவிடுவார்கள், பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் எடுத்தார்கள் என்று அந்த வழக்கிலேயே பதிவாகியிருக்கிறது. ஐரோப்பா இவ்வளவு தாராளமாக இல்லை. 2011 ஜூலையில், அழகுசாதன நிறுவனமான லோரியால் ஈபே மேல் போட்ட வழக்கில், விற்பனைப் பட்டியல்களை மேம்படுத்திக் காட்டுவதிலும் விளம்பரப்படுத்துவதிலும் தளமே கை கொடுத்தால், ‘நான் வெறும் இடம் கொடுத்தவன்’ என்று ஒதுங்க முடியாது என்றது ஐரோப்பிய நீதிமன்றம்.

இந்த இரண்டிலும் கேள்வி தளத்தின் பொறுப்பைப் பற்றியது. உங்கள் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது 1999-இல் அமெரிக்காவின் ஒன்பதாவது மண்டல மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்ன புரூக்ஃபீல்டு தீர்ப்பு. ஒரு வீடியோ கடை, போட்டியாளரின் பெயரைத் தன் இணையப் பக்கத்தில், தேடுபொறிக்காக எழுதும் கண்ணுக்குத் தெரியாத மெட்டா குறிச்சொற்களில் வைத்திருந்தது. நீதிபதிகள் ஓர் உவமை சொன்னார்கள். நெடுஞ்சாலையில் ‘வெஸ்ட் கோஸ்ட் வீடியோ, ஏழாவது எக்ஸிட்’ என்று பலகை. கடை உண்மையில் எட்டாவதில் இருக்கிறது. ஏழில் இருப்பது பலகை வைத்த போட்டிக் கடையான பிளாக்பஸ்டர். ஏழில் இறங்கியவர் தேடித் தேடி அலுத்து, ‘சரி, இதுவும் வீடியோ கடைதானே’ என்று உள்ளே போய்விடுவார். அது பிளாக்பஸ்டர் என்று தெரிந்தேதான் போகிறார், குழப்பம் ஏதுமில்லை. ஆனாலும் அவரை அங்கே இறக்கிவிட்டது இன்னொருவர் சம்பாதித்த பெயர். என் ஹீரோ பேனாவுக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் நான் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு நீதிமன்றங்கள் கொஞ்சம் இளகின. 2015-இல் ஒரு கைக்கடிகார நிறுவனம் அமேசான் மேல் போட்ட வழக்கில், எங்கள் பிராண்டைத் தேடினால் வேறு கடிகாரங்களைக் காட்டுகிறார்கள் என்பதுதான் குற்றச்சாட்டு. ஒவ்வொரு கடிகாரத்தின் மேலும் அதனதன் பெயர் தெளிவாக இருக்கிறது, அதனால் குழப்பம் இல்லை என்று முடிந்தது. நம் பக்கத்திலும் இந்தச் சண்டை நடந்திருக்கிறது, ஏலத்தில் அல்ல, விளம்பரத்தில். பாரத் மேட்ரிமோனியை நடத்திய கான்சிம் நிறுவனம், தன் பெயர்களைத் தேடினால் போட்டியாளர்களின் விளம்பரம் வருகிறது என்று கூகுள் மேல் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2010-இல் வந்த தீர்ப்பில் அது கேட்ட தடை கிடைக்கவில்லை. 2023 ஆகஸ்டில் டெல்லி உயர் நீதிமன்றம், அடுத்தவர் பிராண்டை விளம்பரச் சொல்லாக வைப்பது குழப்பம் விளைவிக்காதவரை அதனாலேயே குற்றமாகிவிடாது என்றது.

இந்தத் தளர்ச்சியைக் காட்டி ஏலத் தலைப்புக்காரர்கள் தப்பிக்க முடியாது என்பது என் கருத்து. அமேசான் வழக்கில் தேடிய சொல்லும் பொருளின் மேல் இருந்த பெயரும் வேறு வேறு இடங்களில் இருந்தன. ஏலத்தில் தலைப்புதான் பொருளின் பெயர்ப்பலகை. பலகையிலேயே பொய் இருந்தால் எந்தப் பலகையைப் பார்த்துத் தெளிவது?

சரி, வாங்குபவராக என்ன செய்யலாம்? பார்க்கர் 51 என்பதை மேற்கோள் குறிக்குள் போடுங்கள், இல்லாவிட்டால் 51 என்ற எண் எங்கே இருந்தாலும் அள்ளிக்கொண்டு வரும். அதன் பின்னால் வேண்டாத சொற்களை ஒவ்வொன்றாகக் கழித்தல் குறியோடு சேருங்கள்: ஸ்டைல், டைப், லைக், ஹீரோ, இன்னொரு சீன பிராண்டான ஜின்ஹாவோ. எல்லாம் ஆங்கிலத்தில்தான், குறிக்கும் சொல்லுக்கும் நடுவில் இடைவெளி விடாமல். பக்கவாட்டில் பிராண்டு வடிகட்டி இருக்கும், அதில் பார்க்கரைத் தேர்ந்தெடுங்கள். தலைப்பில் பார்க்கர் என்று போடத் துணிந்தவர்கள்கூடத் தனிக் கட்டத்தில் ‘பிராண்டு: பார்க்கர்’ என்று நிரப்பக் கை நடுங்கி ‘அன்பிராண்டட்’ என்று போட்டுவிடுகிறார்கள். அந்தக் கட்டத்தில் உருபு மறைய இடமில்லை அல்லவா? விலை தெரிய, விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டச் சொல்லிப் பாருங்கள், ஆனால் படத்தையும் பார்த்துக்கொண்டே போங்கள். சொல் அடுக்குபவர்கள் செய்யும் பெரிய கெடுதல் இந்த இடத்தில்தான் என்பேன். எட்டு டாலருக்குப் போன மாதிரிகளும் எண்பதுக்குப் போன அசலும் ஒரே பட்டியலில் கலந்துகிடக்கும். அதைப் பார்த்துப் பழைய பார்க்கர் இவ்வளவு மலிவா என்று ஏமாறுபவர்களும் உண்டு, தாத்தாவின் அசல் பார்க்கரை அந்த விலைக்குக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பவர்களும் உண்டு.

படத்தில் பார்க்க வேண்டியது மூடியின் கீழ் விளிம்பு. அசலில் அங்கே பார்க்கர் என்ற பெயரும் செய்த நாடும் சின்னதாகப் பொறித்திருக்கும், துடைத்துத் துடைத்துத் தேய்ந்தும் போயிருக்கலாம். 1948-க்குப் பிறகு வந்த வகையாக இருந்தால், உடலைத் திருகிக் கழற்றி ஒரு படம் கேளுங்கள். உள்ளே உலோக உறையின் மேல் மை நிரப்பும் முறை ஆங்கிலத்தில் பொறித்திருக்கும். படம் அனுப்ப மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

புகாரைப் பற்றிக் கேட்டீர்கள். வெரோவில் எழுத நமக்கு உரிமை இல்லை, அது பிராண்டு வைத்திருப்பவருக்கு. ஆனால் ஒவ்வொரு பட்டியலிலும் இருக்கும் ‘ரிப்போர்ட்’ இணைப்பு யாருக்கும் பொது, தேடலைத் திரிப்பது அதில் ஒரு காரணமாகவே இருக்கிறது. இரண்டு நிமிட வேலை. சில சமயம் பட்டியல் மறையும், சில சமயம் அப்படியே நிற்கும். நான் கொடுத்துக்கொண்டேதான் இருக்கிறேன். வாங்கிய பிறகு தெரிந்தால் பணத்தைத் திரும்பக் கேளுங்கள். தலைப்பில் ஒன்று, பெட்டியில் ஒன்று என்பது ‘விவரித்தபடி இல்லை’ என்ற வகையில் வரும். ‘டைப்’ என்ற சொல் அவரைக் காப்பாற்றும் என்று பயந்து நான் கேட்காமலே விட்டேன். கேட்டிருக்க வேண்டும்.

தலைகீழ் வழியும் ஒன்று உண்டு. பெயரை நிரப்பி எழுதுபவர்களை விட்டுவிட்டு, பெயரைத் தப்பாக எழுதுபவர்களைத் தேடுங்கள். ஷேஃபரின் ஆங்கில எழுத்துக்கூட்டல் பாதிப் பேருக்கு வராது. நாலைந்து பிழையான வடிவங்களில் தேடிப் பார்த்தால், வீட்டுப் பரணிலிருந்து எடுத்துப் போட்ட நல்ல பேனாக்கள் போட்டியில்லாமல் கிடக்கும். ‘பழைய பேனாக்கள், ஒரு கட்டு’ என்ற தலைப்புகளும் அப்படித்தான். என்னிடம் இருக்கும் நல்ல ஷேஃபர் ஒன்று அப்படி வந்ததுதான்.

இப்போது உங்கள் தாத்தாவின் பேனா. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது எபோனைட் என்ற கடின ரப்பரில் கடைந்த, கழுத்தைத் திருகிச் சொட்டுக் குழாயால் மை ஊற்றும் ‘ஐட்ராப்பர்’ பேனாவாக இருக்க வேண்டும். உடலைத் துணியால் அழுத்தித் தேய்த்து மோந்து பாருங்கள், ரப்பர் எரிந்த வாசம் வந்தால் எபோனைட்தான். இதற்குத் தனிக் கூட்டம் இருக்கிறது. அவர்கள் பார்க்கர் என்று தேடுவதில்லை. எபோனைட், ஐட்ராப்பர், இந்தியா, கைக்கடைசல் என்று தேடுகிறார்கள். நீங்கள் பார்க்கர் என்று போட்டால் வருபவர்கள் படத்தைப் பார்த்ததும் திரும்பிப் போய்விடுவார்கள், வர வேண்டியவர்களுக்கோ உங்கள் பேனா இருப்பதே தெரியாது. 1995-இல், ஆக்‌ஷன்வெப் என்ற பெயரில் தொடங்கிய ஈபேயில், நிறுவனர் பியர் ஒமிடியார் முதலில் விற்றது ஓர் உடைந்த லேசர் பாயிண்டர். 14 டாலர் 83 சென்ட்டுக்குப் போனது. உடைந்தது என்று தெரியுமா என்று அவரே வாங்கியவரிடம் கேட்டாராம், உடைந்தவற்றைத்தான் சேர்க்கிறேன் என்று பதில் வந்ததாம். பெயரில்லாத பேனா சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள். நானே அதில் ஒருவன்.

தலைப்பை இப்படிப் போடச் சொல்லுங்கள், ஆங்கிலத்தில்: ‘விண்டேஜ் இண்டியன் ஹேண்ட்மேட் எபோனைட் ஐட்ராப்பர் ஃபவுண்டன் பென் பிளாக் நோ நேம்.’ 80-க்குள் அடங்கிவிடும். பிராண்டுக் கட்டத்தில் ‘அன்பிராண்டட்’. நிப்பில் ஏதாவது பெயர் இருந்தால் அதை விளக்கத்தில் மட்டும், ‘நிப்பில் இப்படிப் பொறித்திருக்கிறது’ என்று எழுதுங்கள். நிப்பை யாரும் எப்போதும் மாற்றியிருக்கலாம், அதனால் தலைப்பில் வேண்டாம். எந்த ஊரில் வாங்கியது என்று பாட்டிக்கு நினைவிருந்தால் அதையும் ஒரு வரி சேருங்கள். நிப்பின் மேல்பக்கம், அடிப்பக்கம், மூடியைக் கழற்றி, கழுத்தைக் கழற்றி என்று ஆறு படமாவது வேண்டும், ஃபிளாஷ் இல்லாமல், ஜன்னல் வெளிச்சத்தில். ஏலம் ஏழு நாள் ஓடி, அக்கா ஊரில் ஞாயிறு மாலை முடிகிற மாதிரி வையுங்கள். அவர் கலிபோர்னியா பக்கம் என்றால், கோடையில் அங்கே இரவு ஏழு மணி நமக்குத் திங்கள் காலை ஏழரை. காப்பியோடு உட்கார்ந்து பார்க்கலாம். எபோனைட் நன்றாக இருந்தால் ஏலம் கேட்பவர்களில் நானும் இருப்பேன்.